மூணாவது மடக்கு

போன வாரம் பழைய நண்பர் ஒருவர் போன் பண்ணினார். ஆபீஸ் வேலையாக மியூனிக் போகிறாராம்.

‘‘ஒரே ஒரு சாயங்காலம்தான் சும்மா கிடைக்குது. நீதான் போயிட்டு வந்தவனாச்சே... எந்த பீர் ஹாலுக்குப் போகலாம்? பீரும் நல்லா இருக்கணும், சாப்பாடும் நல்லா இருக்கணும், இடமும் அம்சமா இருக்கணும். மூணு நாலு சொல்லிக் குழப்பாதே. ஒண்ணே ஒண்ணு சொல்லு!’’

வரன் பார்க்கச் சொல்வது மாதிரி மூன்று கண்டிஷன். ‘‘யோசிச்சுச் சொல்றேன்’’ என்று வைத்துவிட்டேன். உண்மையில் யோசிக்க ஒன்றுமில்லை. பதில் எனக்குத் தெரியும். ஆனால், அந்த இடத்தைச் சொன்னால் ‘ஏன்?’ என்று கேட்பார். ஏன் என்று சொல்லப் போனால் என் அக்கா கதையைச் சொல்ல வேண்டி வரும்.

போனில் சொல்ல முடியாததைப் பத்திரிகையில் எழுதிவிடலாம் என்பது இந்தத் தொழிலில் உள்ள ஒரு வசதி.

*

2019 ஜூன். பத்திரிகையாளர்களுக்கான ஒரு பயிலரங்குக்கு ஜெர்மனி போகும் வாய்ப்பு வந்தது. வேலை முடிந்ததும் மூன்று நாள் மியூனிக்கில் தங்குவதாக ஏற்பாடு. காரணம், என் அக்கா மகன். மியூனிக்கிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம் போனால் ஃப்ரைஸிங் என்று ஒரு சின்ன ஊர். அங்கே வைஹன்ஸ்டீஃபன் குன்றின் மேல் இருக்கும் பல்கலைக்கழக வளாகத்தில் உணவுத் தொழில்நுட்பம் படித்துக்கொண்டிருந்தான்.

கிளம்புவதற்கு முன்னால் திருச்சிக்குப் போய் அக்காவைப் பார்த்தேன். மகனுக்குக் கொடுத்தனுப்ப புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், பருப்புப்பொடி, மோர்மிளகாய் எல்லாம் தயாராக இருந்தது. பாட்டில் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, அதன் மேல் பிளாஸ்டிக் கவர், அதற்கு மேல் பழைய துண்டு. விமானமே விழுந்தாலும் புளிக்காய்ச்சல் சிந்தாது.

வாசல் வரைக்கும் வந்தவள், குரலைத் தாழ்த்திச் சொன்னாள். ‘‘டேய்... அவன் குடிக்கிறானான்னு மட்டும் பாத்துட்டு வந்து சொல்லு. நான் கேட்டா இல்லம்மாம்பான். நீ பாத்தா உனக்குத் தெரிஞ்சுடும்.’’

அத்தான் 2009-ல் போய்ச் சேர்ந்தார். வயது 47. ஆஸ்பத்திரி பேப்பரில் கல்லீரல் பற்றி நீளமாக ஒரு இங்கிலீஷ் வார்த்தை எழுதியிருந்தார்கள். எங்கள் வீட்டில் அதற்கு ஒரே வார்த்தைதான்: குடி. அப்போது பையனுக்குப் பதிமூணு வயது.

ஆக, ஒரு கையில் புளிக்காய்ச்சல், இன்னொரு கையில் ஒற்றன் வேலை. இப்படித்தான் நான் பீர் தலைநகரத்தில் போய் இறங்கினேன்.

*

‘‘அம்மாகிட்ட ரொட்டிக்குப் போடற ஈஸ்ட் பத்திப் படிக்கிறேன்னு சொல்லியிருக்கேன் மாமா’’ என்றான் மருமகன் முதல் நாளே.

‘‘ஏன், அது பொய்யா?’’

‘‘பொய் இல்ல. ஆனா, முழுசும் உண்மை இல்ல. ரொட்டியை உப்ப வைக்கிறதும், பீரைப் புளிக்க வைக்கிறதும் ஒரே இனம்தான். நான் ரெண்டாவது வேலையைப் பத்திப் படிக்கிறேன்.’’

எனக்குச் சிரிப்பதா, அதட்டுவதா என்று தெரியவில்லை. அவன் படிக்கும் குன்றின் மேலேயே ஒரு பீர் ஆலை இருக்கிறது. 1040-லிருந்து பீர் காய்ச்சுவதாகவும், உலகத்திலேயே அதுதான் பழசு என்றும் சொல்லிக்கொள்கிறார்கள். பவேரிய அரசாங்கத்துக்குச் சொந்தம். அரசாங்கம் சாராயம் விற்பது ஏதோ நம் ஊர் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

குடியால் செத்தவரின் மகன், குடி காய்ச்சுகிற குன்றில் படிக்கிறான். அக்காவிடம் இதை எப்படிச் சொல்வது?

‘‘மாமா, உங்களுக்கு மூணு இடம் வெச்சிருக்கேன். ஒரு நாளைக்கு ஒண்ணு. எது பெஸ்ட்னு நீங்களே சொல்லுங்க’’ என்றான். நான் பி.காம். எதையும் கட்டம் போட்டு மார்க் போடாமல் எனக்கு ஓடாது. நோட்டுப் புத்தகத்தில் கோடு கிழித்தேன். பீருக்கு 40, சாப்பாட்டுக்கு 30, இடத்துக்கு 30. அவனுக்குத் தெரியாமல் பின்பக்கத்தில் இன்னொரு கட்டம். ‘பையன் என்ன குடித்தான்?’

*

வெள்ளிக்கிழமை. ஹோஃப்ப்ராய்ஹவுஸ்.

மியூனிக் போகிற எல்லோரும் போகிற இடம். 1589-ல் பவேரிய டியூக் ஐந்தாம் வில்ஹெல்ம் ஆரம்பித்தது. காரணத்தைக் கேட்டால் எந்த காமர்ஸ் மாணவனும் கை தட்டுவான். அரண்மனைக்கு வேண்டிய பீரை வடக்கே ஐன்பெக் என்ற ஊரிலிருந்து வரவழைத்துக்கொண்டிருந்தார்கள். செலவு கட்டுப்படியாகவில்லை. ‘வெளியில் வாங்குவதைவிட நாமே காய்ச்சினால் என்ன?’ என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். காஸ்ட் அக்கவுன்ட்டிங்கில் ‘மேக் ஆர் பை’ என்று ஒரு சாப்டர் வரும். அதை நான் இரண்டு முறை எழுதித்தான் பாஸ் பண்ணினேன். டியூக் முதல் தடவையிலேயே பாஸ்.

1828-ல்தான் பொதுமக்களை உள்ளே விட்டார்கள். இன்றைக்கும் அரசாங்கச் சொத்துதான். பீர் காய்ச்சுவது மட்டும் ஊர் ஓரத்துக்குப் போய்விட்டது.

உள்ளே நுழைந்தால் திருவிழாக் கூட்டம். வளைவு வளைவாகக் கூரை, அதில் வண்ண ஓவியங்கள், நீள நீளமான பெஞ்சுகள், நடுவில் பித்தளை வாத்தியக் கோஷ்டி. ஒரு லிட்டர் பிடிக்கும் கண்ணாடி ஜாடியில்தான் பீர். அதற்கு ‘மாஸ்’ என்று பெயர். பணிப்பெண் இரண்டு கையிலும் சேர்த்து ஏழெட்டு மாஸ்களைத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்தால், பேர் பொருத்தம்தான் என்று தோன்றும். விலை எட்டு ஒன்பது யூரோ. அன்றைய கணக்கில் கிட்டத்தட்ட எழுநூறு ரூபாய்.

எனக்குப் பிடித்த விஷயம், பூட்டுப் போட்ட இரும்புக் கூண்டு. தினசரி வாடிக்கையாளர்கள் தங்கள் சொந்த ஜாடியை அதில் வைத்துப் பூட்டிச் சாவியை எடுத்துப் போகிறார்கள். பேங்க் லாக்கரில் நாம் நகை வைப்பது மாதிரி.

பிடிக்காத விஷயமும் உண்டு. மாடியில் ஒரு பெரிய ஹால். 1920 பிப்ரவரி 24-ம் தேதி ஹிட்லர் தன் கட்சியின் 25 அம்சத் திட்டத்தை வாசித்தது அங்கேதான். கீழே சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்த கூட்டத்தில் பாதிப் பேருக்கு அது தெரிந்திருக்காது. தெரிந்துகொண்ட பிறகு, எனக்கு அந்தக் கூரையை அண்ணாந்து பார்க்கத் தோன்றவில்லை.

பன்றிக்கால் வறுவலும் உருளைக்கிழங்கு உருண்டையும் சாப்பிட்டேன். மேல்தோல் அப்பளம் மாதிரி நொறுங்கியது. உருண்டை மட்டும் என்னோடு ஒத்துழைக்கவில்லை. பீர் 30, சாப்பாடு 20, இடம் 15. மொத்தம் 65.

பின்பக்கம்: பையன் குடித்தது, ஆப்பிள் ஜூஸில் சோடா கலந்தது.

*

சனிக்கிழமை காலை பத்து மணி. ஷ்னைடர் ப்ரோய்ஹவுஸ்.

‘‘காலையிலயேவா?’’ என்றேன். ‘‘மாமா, வெள்ளை சாசேஜ் மத்தியானம் பன்னெண்டு மணி அடிக்கிறதைக் கேட்கக் கூடாதுன்னு இங்க சொலவடை. அதுக்குள்ள சாப்பிட்டுடணும்.’’ ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்துச் சட்டம் அது. அதிகாலையில் செய்த கன்றுக்குட்டி இறைச்சி மத்தியானத்துக்குள் கெட்டுவிடும். இப்போது ஃப்ரிட்ஜ் வந்துவிட்டது. பழக்கம் போகவில்லை. நம் வீடுகளில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாருக்கும் காசு கொடுக்க மாட்டோமே, அது மாதிரி.

இது கோதுமை பீர்க்காரர்களின் வீடு. பவேரியாவில் கோதுமை பீர் காய்ச்சும் உரிமை நெடுங்காலம் அரச குடும்பத்தின் கையிலேயே இருந்தது. ஜியார்க் ஷ்னைடர் என்பவர் அந்த உரிமையைப் பெற்று 1872-ல் சொந்தமாக ஆரம்பித்தார். 1944-ல் குண்டுவீச்சில் மியூனிக் ஆலை அழிந்தது. காய்ச்சுவது கெல்ஹைம் என்ற ஊருக்குப் போனது. சாப்பாட்டுக் கடை மட்டும் இங்கே நிலைத்துவிட்டது.

மெனு கார்டைப் பார்த்தால் மதுரைக்காரனுக்குக் கண்ணீர் வந்துவிடும். ஈரல், நுரையீரல், நாக்கு, மூளை... எதையும் வீணாக்காத சமையல். நான் ஈரலை வாங்கிவிட்டு, கையில் கொஞ்சம் மிளகுத்தூள் இல்லையே என்று வருத்தப்பட்டேன்.

பீர் வந்தது. கலங்கலாக, கருப்பட்டிக் காப்பிக்குக் கொஞ்சம் வெளிறின நிறம். மருமகன் தன் கிளாஸை மூக்குக்குக் கீழே பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

‘‘வாழைப்பழ வாசனை வருதா மாமா?’’

வந்தது. நல்ல பழுத்த வாழைப்பழம்.

‘‘கிராம்பு?’’

அதுவும் வந்தது.

‘‘ரெண்டையும் யாரும் வெளியிலேர்ந்து போடல. ஈஸ்ட் பண்ற வேலை. 1516-ல பவேரியாவுல ஒரு சட்டம் போட்டாங்க. பீர்ல பார்லி, ஹாப்ஸ், தண்ணி மூணுதான் இருக்கணும்னு. அந்தச் சட்டத்துல ஈஸ்ட் பேரே இல்ல. எல்லா வேலையையும் பண்றது அதுதான். ஆனா, அது உயிரோட இருக்குன்னு அப்ப யாருக்குமே தெரியாது.’’

வாத்தியார் மாதிரி சொல்லிக்கொண்டே வந்தவன், சட்டென்று நிறுத்திவிட்டான். கிளாஸைக் கீழே வைத்தான். நானும் பேசவில்லை. கிராம்பு என்றதும் எனக்கு ஞாபகம் வந்தது அவனுக்கும் வந்திருக்க வேண்டும்.

அத்தான் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்னக் காகிதப் பொட்டலம் இருக்கும். கிராம்பு. தெருமுனையில் இரண்டை வாயில் போட்டு மென்றுகொண்டேதான் வீட்டுக்குள் வருவார்.

பீர் 35, சாப்பாடு 28, இடம் 20. மொத்தம் 83. பின்பக்கம்: பையன் வாங்கியது ஆல்கஹால் எடுத்த கோதுமை பீர். ஜெர்மனியில் அது சகஜம். சைக்கிள் ஓட்டிவிட்டு வருகிறவர்கள் இளநீர் மாதிரி குடிக்கிறார்கள். நான் நம்ப மாட்டேன் என்று நினைத்தானோ என்னவோ, பாட்டிலைத் திருப்பி, ‘0.5 சதவிகிதத்துக்கும் கீழே’ என்கிற வரியை என் பக்கமாக வைத்தான்.

அப்போதுதான் புரிந்தது. ஒற்றன் வந்திருப்பது அவனுக்கு முதல் நாளே தெரியும்.

*

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஆகுஸ்டினர் கெல்லர்.

மெயின் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். ரோட்டில் நின்று பார்த்தால் சாதாரணக் காம்பவுண்ட் சுவர்தான். உள்ளே போனால் ஒரு தோப்பு. வயசான செஸ்நட் மரங்கள், கீழே சரளைக்கல், மரத்தடியில் சுமார் ஐயாயிரம் பேர் உட்காரும்படி பெஞ்சுகள். ஆகுஸ்டினர் மியூனிக்கின் மிகப் பழைய பீர். துறவிகளின் மடத்தில் 1328-ல் ஆரம்பித்ததாகக் கணக்கு. மரப்பீப்பாயிலிருந்து நேராகப் பிடித்துத் தருகிறார்கள்.

இந்த மரங்களுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. 16-ம் நூற்றாண்டிலிருந்து பவேரியாவில் கோடைக்காலத்தில் பீர் காய்ச்சத் தடை. ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை அடுப்பே மூட்டக் கூடாது. தீப்பிடிக்கிற பயம், பீர் கெட்டுப்போகிற பயம் இரண்டும்தான் காரணம். அதனால் குளிர்காலத்திலேயே காய்ச்சி, நிலவறையில் சேமித்தார்கள். நிலவறை குளிர்ச்சியாக இருக்க, மேலே நிழல் வேண்டும். வேர் ஆழமாக இறங்கிக் கூரையை உடைத்துவிடவும் கூடாது. செஸ்நட் மரம் இரண்டுக்கும் பொருந்தியது. நிழல் இருந்தால் மனுஷன் வந்து உட்காருவான். உட்கார்ந்தவனுக்கு அங்கேயே பீர் விற்றார்கள்.

ஊருக்குள் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர்கள் சும்மா இருப்பார்களா? மன்னரிடம் முறையிட்டார்கள். 1812-ல் முதலாம் மேக்ஸிமிலியன் ஜோசஃப் நாட்டாமை தீர்ப்பு சொன்னார். நிலவறைக்காரர்கள் பீர் விற்கலாம், ரொட்டி விற்கலாம். வேறு சாப்பாடு விற்கக் கூடாது. அன்றிலிருந்து ஜனங்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். இப்போது கடையிலேயே கோழி, மீன் எல்லாம் கிடைக்கிறது. ஆனாலும், மேஜைவிரிப்பு போடாத பெஞ்சில் உட்கார்ந்தால் வீட்டுச் சாப்பாட்டைப் பிரித்துச் சாப்பிடலாம். 1999-ல் அரசாங்கம் போட்ட விதியிலேயே இதை பீர்த் தோட்டத்தின் அடையாளமாக எழுதிவைத்திருக்கிறார்கள்.

‘‘அதனாலதான் மாமா இதைக் கடைசியா வெச்சேன்’’ என்று பையைத் திறந்தான். எவர்சில்வர் டப்பா. உள்ளே புளிசாதம். அக்காவின் புளிக்காய்ச்சல். மோர்மிளகாய் வறுத்துத் தனியாக ஒரு பொட்டலம்.

அதே பெஞ்சில் எதிரே ஒரு வயசான தம்பதி. அவர்களும் கூடையிலிருந்து மேஜைவிரிப்பு, சுருள் சுருளாகச் சீவிய முள்ளங்கி, வெங்காயம் போட்டுப் பிசைந்த சீஸ் என்று ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார்கள். பக்கத்துப் பெஞ்சில் ஒரு குடும்பம். பாட்டி, மகன், மருமகள், தள்ளுவண்டியில் கைக்குழந்தை. பிள்ளைகள் சறுக்குமரத்தில் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. ‘‘நம்ம ஊர்ல இருட்டுல, சாக்கடை ஓரமா, திருட்டுத்தனமா நின்னு ஊத்திக்கிறான். இங்க பாரு, வெளிச்சத்துல, குடும்பத்தோட... உங்கப்பாவுக்கு இப்படி ஒரு இடம் கிடைச்சிருந்தா...’’

‘‘வெளிச்சத்துல குடிச்சா லிவர் கெடாதா மாமா?’’

குரலை உயர்த்தாமல்தான் கேட்டான். எனக்கு வாயடைத்துப் போயிற்று.

‘‘இங்கயும் எங்கப்பா மாதிரி ஆளுங்க இருக்காங்க மாமா. காலையில ஃப்ரைஸிங் ஸ்டேஷன்ல பார்ப்பேன். மரத்தடி அழகா இருக்குங்கறதால அவங்க பொழைச்சுடல.’’

அப்போது நான் அவனிடம் ஒன்றைச் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொல்லாதது. 2000-ல் என் முதல் மாதச் சம்பளம். எல்லோருக்கும் ஏதாவது வாங்க வேண்டும். அக்காவுக்குப் புடவை, பையனுக்குப் பொம்மை கார். அத்தானுக்கு என்ன வாங்குவது? அவர் முகத்தில் ஒரு சிரிப்பைப் பார்க்கணும் என்று ஆசை. அப்போது டாஸ்மாக் கடை கிடையாது. தனியார் ஒயின் ஷாப்தான். நானே அழைத்துக்கொண்டு போனேன். நானே பில் கொடுத்தேன். அத்தான் அன்றைக்கு என் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தார். தெருமுனையில் கிராம்பை எனக்கும் ரெண்டு கொடுத்தார்.

‘‘அந்த பொம்மை கார் எனக்கு ஞாபகம் இருக்கு’’ என்றான். கொஞ்ச நேரம் கழித்து, ‘‘நீங்க வாங்கித் தரலைன்னாலும் அவர் குடிச்சிருப்பார் மாமா’’ என்றான். அது எனக்கு ஆறுதலா, இல்லையா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

எழுந்து போய் ஒரு மாஸ் வாங்கிக்கொண்டு வந்தான். ஒன்றே ஒன்று. என் முன்னால் வைத்தான். பிறகு தன் பக்கம் இழுத்து, முகர்ந்து, ஒரு மடக்கு. கொஞ்சம் பொறுத்து இன்னொரு மடக்கு. திரும்ப என் பக்கம் தள்ளிவிட்டான்.

‘‘அம்மா பாத்துட்டு வரச் சொன்னாங்கதானே? பாத்துக்குங்க. என் படிப்புக்கு நான் ருசி பார்த்தே ஆகணும். ரெண்டு மடக்கு. அதுக்கு மேல கிடையாது. மூணாவது வேணும்னு தோணுச்சுன்னா எந்திரிச்சு வெளியில போயிடுவேன்.’’

‘‘தோணியிருக்கா?’’

‘‘ரெண்டு தடவை.’’

‘‘போனியா?’’

‘‘போனேன். ஒரு தடவை கிளாஸ் நடக்கும்போதே போனேன். புரொபசர்கிட்ட காரணம் சொன்னேன். ‘சரி’ன்னு மட்டும் சொன்னார்.’’

எதிரே இருந்த தாத்தா ரொம்ப நேரமாக எங்கள் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். மருமகன் ஒரு கரண்டி வைத்துக் கொடுத்தான். சாப்பிட்டார். முகம் சிவந்தது. ஜெர்மனில் ஏதோ சொன்னார். அவர் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

‘‘என்னடா சொல்றார்?’’

‘‘இதைச் செஞ்சவங்க ரொம்ப தைரியசாலியா இருக்கணும்ங்கறார்.’’

*

ஆகுஸ்டினர் கெல்லருக்கு நான் மார்க் போடவில்லை. அந்தக் கட்டம் நோட்டில் இன்னும் காலியாகவே இருக்கிறது. நண்பருக்கு மட்டும் நேற்று மெசேஜ் அனுப்பிவிட்டேன். ‘பாட்டுக் கச்சேரி வேணும்னா ஹோஃப்ப்ராய்ஹவுஸ். காலைப் பசிக்கு ஷ்னைடர். ஒரே ஒரு இடம்னா ஆகுஸ்டினர் கெல்லர். வீட்டுலேர்ந்து ஏதாவது கட்டி எடுத்துட்டுப் போ. குடிக்காம ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் யாரும் ஏன்னு கேட்க மாட்டாங்க.’

நண்பருக்குப் பதில் சொல்வது சுலபம்.

ஊர் திரும்பியதும் திருச்சிக்குப் போனேன். அக்கா காப்பி கொடுத்தாள். ஊர் எப்படி, குளிர் எப்படி, பையன் இளைத்துவிட்டானா என்று எல்லாம் கேட்டாள். கேட்க வேண்டியதை மட்டும் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. ஈஸ்ட், குன்று, ரெண்டு மடக்கு, மூணாவது தோன்றினால் எழுந்து போவது, எல்லாம் சொன்னேன். என் முதல் சம்பளத்தையும் சொன்னேன்.

அக்கா ரொம்ப நேரம் பேசவில்லை. காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. ஒரு டம்ளரைக் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது.

வெளியே வந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்:

‘‘புளிக்காய்ச்சல்ல உப்பு சரியா இருந்துச்சாடா?’’